முக்கால் வட்டம்

எங்கள் ஃபேக்டரிச் சுவரில் ஒரு பலகை இருந்தது. இடது ஓரத்தில் ஆட்களின் நம்பர், மேலே வேலைகளின் பெயர், நடுவில் வரிசை வரிசையாக வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்தையும் நாலு கால் துண்டாகப் பிரித்திருப்பார்கள். வேலை கற்றுக்கொள்கிறவளுக்குக் கால் வட்டம். பக்கத்தில் ஒரு ஆள் நின்றால் செய்வாள் என்றால் அரை. தனியாகச் செய்வாள் என்றால் முக்கால். அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டால் முழு வட்டம். மாதக் கடைசியில் அதைப் பச்சை மார்க்கரால் நிரப்பிக் கீழே கையெழுத்துப் போடுவது டீம் லீடரின் பொறுப்பு. ஆறு வருஷம் அந்த மார்க்கர் என்னிடம் இருந்தது. ஆறு வருஷமும் நான் அதில் பொய் எழுதினேன்.

யாரையும் ஏமாற்றிப் பிழைப்பதற்காக எழுதிய பொய் இல்லை. இருந்தாலும் பொய் பொய்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவதைப் படித்துவிட்டு யாரும் என்னை உத்தமி என்று நினைத்துவிடக் கூடாது.

நாங்கள் காற்றாலைக்கு இறக்கை செய்கிறவர்கள். ரேணிகுண்டாவைத் தாண்டி காளஹஸ்தி போகும் ரோட்டில் ஃபேக்டரி. நீளமான லாரியில் ஒற்றை வெள்ளை இறக்கை போவதைப் பார்த்திருப்பீர்கள். அது முக்கில் திரும்பி முடிக்கும்வரை இரண்டு பக்கமும் வண்டிகள் நின்று ஜனங்கள் திட்டுவார்கள். அந்த நேரத்தில் நான் பஸ்ஸுக்குள் இருந்தால் ஜன்னலில் எட்டிப் பார்த்து, நம்முடையதா, வேறு கம்பெனியுடையதா என்று தேடுவேன்.

இறக்கை உருவாவது மோல்டில். படகு மாதிரி நீளமாகக் கிடக்கும் அந்த அச்சுக்குள் கண்ணாடி நாரில் நெய்த துணியை அடுக்கடுக்காகப் போடுவோம். மேலே பிளாஸ்டிக் தாளால் மூடி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு ரெசின் என்னும் பிசினை ஏற்றுவார்கள். அது இறுகினால் இறக்கையின் ஒரு பாதி. துணி போடுவது எங்கள் வேலை, சுருக்கம் விழக் கூடாது என்பது எங்கள் சட்டம். மேலே தெரிகிற சுருக்கத்தை யாரும் பார்த்துவிடலாம். இரண்டாவது அடுக்கில் விழுந்ததை, மேலே ஐந்தாறு அடுக்கு வந்த பிறகு கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். விட்டுவிட்டால் இறக்கை ஒரு நாள் அந்த இடத்தில்தான் பிளக்கும்.

என் டீமில் பதினோரு பெண்கள். அதில் ஒருத்தி வடமாலபேட்டையிலிருந்து வருகிறவள். என்னைவிட இரண்டு வயது பெரியவள், அதனால் எனக்கு அக்கா. அவள் என்னை லீடரம்மா என்பாள், அதில் பாதி கேலி. கிளவுஸ் போட்ட கையைத் துணிமேல் தட்டையாக வைத்து நகர்த்திக்கொண்டே போவாள். திடீரென்று நிற்பாள். "இங்க ஒண்ணு படுத்துக்கினு கீது" என்பாள். நாங்கள் அடுக்குகளைத் தூக்கிப் பார்த்தால், விரல் தடிமனுக்குக்கூட இல்லாத ஒரு மடிப்பு அங்கே இருக்கும். டீமுக்கு வந்த புதுப் பெண்கள் எல்லோரும் வேலை கற்றது அவளிடம்தான். பலகைக் கணக்குப்படி அவளுக்கு முழு வட்டம் மட்டுமல்ல, அதற்கு மேல் ஏதாவது இருந்தால் அதையும் கொடுக்க வேண்டும்.

நான் கொடுத்தது முக்கால். அவள்தான் அப்படிக் கேட்டாள்.

முழு வட்டம் வந்தவர்களை எந்த லைனுக்கும், எந்த ஷிஃப்டுக்கும் மாற்றலாம் என்பது கம்பெனி விதி. இரண்டாவது ஷிஃப்ட் முடிய ராத்திரி பத்து மணியாகும். அதற்கு நகரி பக்கம் கம்பெனி பஸ் கிடையாது. அக்காவின் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள். முதல் வருஷம் மாதக் கடைசியில் அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "லீடரம்மா, எனுக்கு ஃபுல்லு போட்றாதே. முக்கால்லயே வுட்டுடு. என் பொண்ணுங்க தனியா கீதுங்க" என்றாள். அடுத்த மாதம் இன்னொருத்தி கேட்டாள். வருஷம் முடிவதற்குள் பதினோரு பேரும் கேட்டாகிவிட்டது. பதினோரு வரிசையிலும் ஒரு கால் துண்டு வெள்ளையாக நின்றது. மேலே இருக்கிறவர்கள் வந்து பார்த்து, பரவாயில்லை, தனியாகச் செய்கிறார்கள், ஆனால் சொல்லிக்கொடுக்கத் தெரியாது போல என்று நினைத்துக்கொண்டு போவார்கள். நாங்கள் கேண்டீனில் உட்கார்ந்து சிரிப்போம். என் டீமை எவனாலும் பிரிக்க முடியாது என்று எனக்கு ஒரு மிதப்புகூட இருந்தது.

என் வட்டம் மட்டும் முழுசு. முழு வட்டம் இல்லாமல் லீடராக இருக்க முடியாது.

பிறகு பெரிய இறக்கை வந்தது. இப்போது எல்லோருக்கும் நீளமான இறக்கைதான் வேண்டுமாம், எங்களுடையது குட்டையாம். பழைய மோல்டுகளை எடுத்துவிட்டு ஒரே ஒரு புது மோல்டைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அதன் ஒரு முனையில் நின்றால் மறுமுனையில் நிற்பவரின் முகம் தெரியாது. ஒரு திங்கட்கிழமை காலை எங்களை எல்லாம் வரிசையாக நிற்கவைத்து ஹெச்.ஆர். ஆபீசர் ஒரு தாளைப் படித்தார். ரீஸ்ட்ரக்சரிங் என்ற வார்த்தை அதில் நாலைந்து தடவை வந்தது. முன்வரிசையில் இருந்த அக்கா என் பக்கம் திரும்பி, "இன்னா சொல்றாரு?" என்றாள். "ஆளைக் குறைக்கப் போறாங்க" என்றேன். அவள் திரும்பிக்கொண்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் கேண்டீன் வாசலில் வேலை போகிறவர்களின் லிஸ்ட் ஒட்டினார்கள். என் டீமிலிருந்து பதினோரு நம்பரும் அதில் இருந்தன. என் நம்பர் இல்லை. கூட்டத்துக்கு நடுவே நின்று மேலிருந்து கீழாக இரண்டு தடவை படித்தேன். கீழே காரணம் எழுதியிருந்தது: திறன் பலகையில் முழு வட்டம் உள்ளவர்கள் மட்டும் புது மோல்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள்.

கம்பெனி கொடுத்த மார்க்கரால் பதினோரு பேர் வேலையையும் நானே அழித்திருக்கிறேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் வைத்த சூனியம் எனக்குப் பலிக்காமல் என்னை நம்பினவர்களுக்குப் பலித்திருந்தது. தட்டில் சோறு வாங்கிக்கொண்டு போய் அவர்கள் மேஜையில் உட்கார்ந்தேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

அக்கா மட்டும், "துன்னு. சோறு ஆறிப்போவுது. நாங்க தானே கேட்டோம், நீ இன்னா பண்ணுவே" என்றாள்.

என் வீட்டுக்காரர் நகரியில் விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்கிறார். சாயங்காலம் தறி நின்றதும் விஷயத்தைச் சொன்னேன். பொய் எழுதினேன் என்று போய் ஒப்புக்கொள்ளப் போகிறேன் என்றேன். அவர் பனியனால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"தவளை தன் வாயால கெடும்னு சொல்லுவாங்க. உன் வேலை கீது இல்ல? கம்முனு இரு."

அவர் சொன்னதில் தப்பில்லை. போன வருஷம் ரெசின் ரூமில் ஒருவர் மீட்டரைப் பார்க்காமலேயே டிகிரி எழுதிவைத்தார். அன்றைக்கே அவரை கேட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். பதிவில் பொய் எழுதினால் வேலை போகும் என்று மூன்று பாஷையில் போர்டு தொங்குகிறது. அதன் கீழே நின்றுதான் நான் மாதாமாதம் கையெழுத்துப் போட்டேன். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பதினோரு பேரும் இல்லாத பஸ்ஸில் நான் மட்டும் ஏறிப் போவதை நினைத்துப் பார்த்தேன். வடமாலபேட்டை ஸ்டாப்பில் பஸ் நிற்காமல் போகும். ஒரு நாளைக்குக்கூட என்னால் அப்படிப் போக முடியாது என்று தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை நேராக ஹெச்.ஆர். ரூமுக்குப் போனேன். அன்றைக்குத் தாள் படித்த அந்த ஆபீசருக்கு என் தம்பி வயது. தெலுங்குக்காரர், தமிழ் நன்றாகப் புரியும். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஃபைலைத் திருப்பி என் கையெழுத்தைக் காட்டினார்.

"மீரே சைன் பெட்டாரு கதா அம்மா?" நீங்கள்தானே கையெழுத்துப் போட்டீர்கள் என்கிறார்.

"நான்தான் சார் போட்டேன். பொய்யா போட்டேன். பதினோரு பேருக்கும் ஃபுல்லு வரணும். செகண்ட் ஷிஃப்ட் போவக் கூடாதுன்னு நான் முக்கால்ல நிறுத்தி வச்சேன்."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். நல்ல மனுஷர். "இந்த வார்த்தையைச் சொல்லாதீங்க அம்மா. தெரியாம விட்டுட்டேன், ஒரு தடவை ரிவ்யூ பண்ணுங்கன்னு லெட்டர் குடுங்க. நான் மேல அனுப்பிப் பாக்கறேன்" என்றார்.

"அனுப்பினா லிஸ்ட்டு மாறுமா சார்?"

பேப்பர்வெயிட்டைச் சுற்றிக்கொண்டே, கஷ்டம்தான் என்றார்.

"அப்போ வேணாம். எனுக்குத் தெரிஞ்சேதான் பண்ணேன். தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் இன்னா, முழம் இன்னா? பொய்யின்னே எழுதிக் குடுக்கறேன். ஆனா என் ஆளுங்களை மோல்டாண்ட நிறுத்தி நீங்களே பாருங்க. பாத்துட்டு லிஸ்ட்டைப் போடுங்க."

தமிழில்தான் எழுதினேன். ஆறு வருஷமாகத் தவறான பதிவு செய்தது நான், என் குழுவினர் இல்லை என்று எழுதி, தேதி போட்டுக் கொடுத்தேன். கையெழுத்துப் போடும்போது கை நடுங்கவில்லை. அதற்கு முன்னால் பொய்க்குப் போட்டபோதும் நடுங்கியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது, வெட்கமாக இருந்தது.

அந்த லெட்டர் குவாலிட்டி பிரிவின் பெரியவரிடம் போனது. நரைத்த தலை, யாரிடமும் சிரித்துப் பேசாதவர். அவருக்கு அப்போது வேறொரு தலைவலி இருந்தது. புது மோல்டில் இறக்கையின் அடிப்பாகம் வளைகிற இடத்தில் துணி படியவே மாட்டேன் என்கிறது. சோதனைக்குப் போட்ட இரண்டு பாதியிலும் அங்கே சுருக்கம் விழுந்து வீணாகியிருந்தது. என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"முழு வட்டம்னா சொல்லிக்கொடுக்கணும். உங்க ஆளுங்க சொல்லிக்கொடுப்பாங்களா?"

"யாருக்கு வேணும்னாலும் சொல்லுவாங்க சார்" என்றேன். வாய்தான் சொல்லிவிட்டது. எங்கள் பெண்கள் எங்களுக்குள் சத்தமாகப் பேசுவார்கள். ஆபீசர் வந்து நின்றால் தரையைப் பார்ப்பார்கள்.

சனிக்கிழமை வரச் சொன்னார்கள். அதற்குள்ளேயே இரண்டு பேர், எங்களுக்கு வேண்டாம், வருகிற பணத்தை வாங்கிக்கொண்டு போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். ஒன்பது பேர் வந்தார்கள். வேறு லைன் ஆட்களை வைத்து மோல்டின் வளைவில் ஆறு அடுக்குத் துணி போட்டு, உள்ளே ஓர் இடத்தில் வேண்டுமென்றே சுருக்கம் வைத்திருந்தார் பெரியவர். ஒவ்வொருத்தி முறைக்கும் அந்த இடத்தை மாற்றுவார், அதைக் கண்டுபிடிக்க வேண்டும். துணியையே தொட்டுப் பார்க்காத ஒருவருக்கு அதைக் கண்டுபிடிக்கவும் சரிசெய்யவும் சொல்லித்தர வேண்டும்.

"தொட்டுப் பார்க்காத ஆள் யார் இருக்கா?" என்று சுற்றிலும் பார்த்தவர் ஹெச்.ஆரைக் கைகாட்டினார். "நீங்க வாங்க."

வெள்ளைச் சட்டையின் கைமேல் நீள உறை மாட்டி, கிளவுஸ் போட்டு, மூக்குக்கு மாஸ்க் கட்டி அவரை மோல்டுக்குள் இறக்கினார்கள். நிற்கவே தெரியவில்லை, சரிவில் சறுக்கினார். எங்கள் பெண்கள் முந்தானையில் வாயை மூடிக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பு வந்ததும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

முதலில் போனவள் சுருக்கத்தைக் கண்டுபிடித்தாள், ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. ஹெச்.ஆர். முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பெரியவர் நோட்டில் ஏதோ எழுதினார். நான் ஓரமாக நிற்க வேண்டும், பேசக் கூடாது என்று உத்தரவு. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்தது அக்கா. அவளும் முதலில் தரையைத்தான் பார்த்தாள். பிறகு ஹெச்.ஆர். கையைத் துணிமேல் அழுத்தித் தேய்ப்பதைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. வேலையைக் கெடுக்கிறவர்களைப் பார்த்தால் அவளுக்கு ஆபீசர், தொழிலாளி தெரியாது.

"சார், சார்! அட்ல காது, அப்பிடி இல்ல! கும்மாதே! இது இன்னா மாவா?" என்று அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினாள். "கையை வுடு. பாரம் போடாதே. தூங்கற புள்ளைமேல வைக்கறாப்பல வை. கண்ண மூடிக்கோ. கண்ணு கீதே, அது பொய் சொல்லும். ஆ... அப்படியே போ. மெல்லகா, மெல்லகா. இக்கட இன்னா தெரியுது?"

கண்ணை மூடிக்கொண்டு அவர் நகர்த்தினார். ஓர் இடத்தைத் தாண்டிப் போனார், திரும்பி வந்தார், நின்றார்.

"ஏதோ தடுக்குது" என்றார்.

"அதான் சார்."

மேல் அடுக்குகளை அவரை விட்டே தூக்கவைத்தாள். சுருக்கம் அங்கேதான் இருந்தது. அவர் சின்னப் பிள்ளை மாதிரி, "தொரிகிந்தி!" என்று கத்தினார், கிடைத்துவிட்டதாம். அதோடு அவள் விடவில்லை. வளைவில் துணியை மேலிருந்து கீழே இழுத்தால் படியாது, நடுவில் முதலில் உட்காரவைத்து இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று செய்துகாட்டினாள். அதை நான் சொல்லித்தரவில்லை. அந்த மோல்டில் அவள் கை வைப்பதே அன்றைக்குத்தான் முதல் தடவை. பெரியவர் நோட்டை மூடிவிட்டு, இன்னொரு தடவை செய்யச் சொல்லிக் கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

அவள் பேசினதைப் பார்த்து மற்றவர்களுக்கும் வாய் திறந்தது. ஒன்பது பேரில் ஏழு பேர் சொல்லிக்கொடுத்தார்கள். முதலில் போனவளுக்கு மறுபடி ஒரு வாய்ப்புக் கேட்டேன், கொடுக்கவில்லை. அவளும் இன்னொருத்தியும் லிஸ்ட்டிலேயே நின்றுவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு வேலை தெரியாமல் இல்லை. நான் முதல் வருஷமே முழு வட்டம் போட்டிருந்தால் அவள் நாலு பேருக்கு முன்னால் பேசிப் பேசிப் பழகியிருப்பாள். இன்றைக்கும் நகரி மார்க்கெட்டில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்.

திங்கட்கிழமை ஹெச்.ஆர். கையைச் சொறிந்துகொண்டே வந்தார். கண்ணாடி நார் உறைக்குள் புகுந்துவிட்டது. "சுடு தண்ணி ஊத்தினீங்களா?" என்று அக்கா கேட்டாள். ஆமாம் என்றார். "அய்யோ, சன்னீள்ளு போஸ்கோண்டி சார். பச்சைத் தண்ணிதான் ஊத்தணும், சுடு தண்ணி ஊத்தினா இன்னும் உள்ள பூந்துக்கும்" என்றாள். அவர் தலையாட்டிவிட்டு, ஏழு பேருக்கும் புது மோல்டில் வேலை என்று எழுதியிருந்த தாளை நீட்டினார். இரண்டாவது ஷிஃப்டில் மட்டும்தான் இடம் இருந்தது.

ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். எதற்குப் பயந்து ஆறு வருஷம் பொய் எழுதினோமோ அதுவே வந்து நிற்கிறது.

அக்கா யோசிக்கவே இல்லை. "என் பெரிய பொண்ணு இப்போ காலேஜு போறா. புள்ளைங்க வளந்துட்டாங்க, நாமதான் பழைய பயத்தையே புடிச்சிக்கினு கீறோம்" என்றாள். பிறகு ஹெச்.ஆர். பக்கம் திரும்பினாள். "வர்றோம் சார். ஆனா பத்து மணிக்கு பஸ்ஸு வேணும். நகரி வரைக்கும். எங்க ஊர்ல ரோட்டாண்ட இல்ல, ஊருக்குள்ள வந்து இறக்கணும்." பஸ் இல்லையென்றால் ஏழு பேரும் இல்லை என்று எல்லோரும் சேர்ந்து நின்றார்கள். ஒரு வாரம் இழுத்தடித்துவிட்டு பஸ் விட்டார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் இதையே கேட்டிருக்கலாம் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. மார்க்கர் கையில் இருந்த எனக்காவது தோன்றியிருக்க வேண்டும்.

என் விஷயத்துக்குத் தனியாக விசாரணை வைத்தார்கள். வேலையை எடுக்கவில்லை. நானாக வந்து எழுதிக்கொடுத்ததால் அந்தத் தயவு என்றார்கள். லீடர் பதவி போனது. என் பழைய வட்டங்கள் எல்லாவற்றையும் அழித்து, புது மோல்டில் கால் வட்டத்திலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார்கள். மார்க்கர் அக்கா கைக்குப் போனது. அவள்தான் இப்போது டீம் லீடர்.

மூன்றாவது மாதக் கடைசியில் பலகை முன்னால் நின்று அவள் வட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தாள். நான் பின்னால் நின்றேன். அடுத்த வருஷம் இன்னொரு லிஸ்ட் வரலாம் என்று கேண்டீனில் பேச்சு இருந்தது. என் வரிசைக்கு வந்ததும் கையை நிறுத்தினாள்.

"வளைவுல நீ போட்ட துணி ரெண்டு தபா படியாம ஏந்துக்கிச்சு. பாத்தேன்" என்றாள்.

"தெரியும் அக்கா."

"முக்கால் போடச் சொல்லுவியா?"

எனக்கு ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. அன்றைக்கு அவள் கேட்டபோது நான் போட்டுக்கொடுத்துத்தான் இருக்கிறேன்.

"இன்னா வருதோ அதைப் போடு."

அவள் அரை வட்டம் போட்டாள். ஓரம் பிசிறாமல் நிரப்பிக் கீழே கையெழுத்திட்டாள். மூடியைப் போட்டு மார்க்கரைப் பாக்கெட்டில் செருகிக்கொண்டு, "வா, வளைவாண்ட போலாம். ஷிஃப்டு ஆரம்பிக்க இன்னும் அரை மணி கீது" என்றாள். நான் கிளவுஸை மாட்டிக்கொண்டு அவள் பின்னால் போனேன்.